பிறழ்வுப் பதிவு கண்டறிதல்

பெரிய தரவுத்தளத்தில் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும் பதிவுகளைக் கணினி தானாகவே தேடிக் காட்டும் முறை. வங்கிக் கணக்கு முதல் செயற்கைக்கோள் அளவீடு வரை பல இடங்களில் பயன்படுகிறது. ஒரு பதிவு ஒட்டாமல் நிற்பதற்குத் தட்டச்சுப் பிழை காரணமாக இருக்கலாம், மோசடி காரணமாக இருக்கலாம். அதுவரை யாரும் கண்டிராத ஓர் உண்மையாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து இன்னதுதான் என்று சொல்லிவிட முடியாது. இத்துறை தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சிக்கல் கூடவே வருகிறது.

இதன் வேர் வானியலில் இருக்கிறது. ஒரே கோளைப் பலமுறை அளந்தால் ஒன்றிரண்டு அளவுகள் தனியே விலகி நிற்கும். அவற்றைக் கண்ணால் பார்த்து அடித்துவிடுவதே அன்றைய வழக்கம். 1777இல் டேனியல் பெர்னூலி இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். பிழை நேர்ந்ததற்கு வேறு சான்று இல்லாதபோது, விலகி நிற்கிறது என்பதற்காக மட்டும் ஓர் அளவைத் தள்ளுவது அவருக்கு ஏற்புடையதாக இல்லை. 1852இல் ஹார்வர்டின் பெஞ்சமின் பியர்ஸ், எதைத் தள்ளலாம் என்பதற்கு நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட விதி ஒன்றை வகுத்தார். அதை விளக்க எடுத்துக்கொண்டது வெள்ளிக் கோளைப் பற்றிய 15 அளவீடுகள். நான்கே ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி அந்த விதியை மறுத்து எழுதினார். தள்ளுவதா வைத்துக்கொள்வதா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

1936இல் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் வெளியிட்ட 'பொதுமைப்படுத்திய தூரம்' வேறொரு தேவைக்காகப் பிறந்தது. மக்கள் குழுக்களின் உடல் அளவுகளை ஒப்பிடவே அவர் அதை உருவாக்கினார். ஆனால் பிறழ்வு தேடுவோருக்கு அது பெரிய வரமாயிற்று. ஆறடி உயரமுள்ளவர்கள் உண்டு. 40 கிலோ எடையுள்ளவர்களும் உண்டு. இரண்டும் ஒருவருக்கே இருப்பதாக ஒரு பதிவு சொன்னால்தான் புருவம் உயரும். தனித்தனியாகப் பார்த்தால் சாதுவாகத் தெரியும் எண்கள் சேர்ந்து நிற்கையில் உண்டாகும் முரணை மகலனோபிஸ் தூரம் அளந்து சொல்லிவிடும்.

கணினி வந்த பிறகு நடந்தவற்றுள் ஓசோன் கதை விரிவாகச் சொல்லத் தக்கது. அடிக்கடி தவறாகச் சொல்லப்படுவதும் அதுதான். 1978இல் ஏவப்பட்ட நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் உலகெங்கும் ஓசோனை அளந்து வந்தது. ஓசோன் அளவைக் குறிக்கும் டாப்சன் அலகில் 180க்குக் கீழே வரும் மதிப்புகளுக்கு மென்பொருள் சந்தேகக் குறி இட்டது. 1985 மே மாதம், அண்டார்க்டிகாவின் ஹாலே பே நிலையத்தில் தரைக் கருவியால் எடுத்த அளவுகளைக் கொண்டு ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் இழப்பை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். செயற்கைக்கோள் எடுத்த குறைந்த அளவுகளை நாசாவின் கணினி குப்பையில் போட்டுவிட்டது என்ற பேச்சு அதன்பின் பரவியது. உண்மையில் அது எதையும் அழிக்கவில்லை. குறி மட்டுமே இட்டது. குறிகள் பெருகுவதை நாசா குழு கவனித்து, தென்துருவ நிலையத்தின் தரைக் கருவியோடு ஒப்பிட்டும் பார்த்தது. அந்தக் கருவி காட்டிய அளவோ இயல்பாக இருந்தது. தவறாக இயக்கப்பட்டது அந்தக் கருவிதான் என்பது பிறகே தெரிந்தது. குறியிட்டதில் கணினி தவறவில்லை. சரிபார்க்க எடுத்த தராசு கோணலாக இருந்ததுதான் வினை.

இதே காலத்தில் கணினிப் பாதுகாப்புத் துறையில் விலகல் என்பது தேடிப் பிடிக்க வேண்டிய பொருளாகிவிட்டது. கணினித் தணிக்கைப் பதிவுகளிலிருந்து அத்துமீறலை அறியலாம் என்று 1980இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஓர் அறிக்கையில் எழுதினார். 1987இல் டோரதி டென்னிங் அதை முழு மாதிரியாக வடித்தார். ஒவ்வொரு பயனரின் வழக்கத்தையும் கணினி கற்றுவைத்திருக்கும். அவர் அதை மீறினால் மணி அடிக்கும். 1992இல் எச்என்சி நிறுவனத்தின் 'ஃபால்கன்' மென்பொருள் நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு கடன் அட்டை மோசடியைத் தேடத் தொடங்கியது.

அடுத்த தடை, பதிவுகளின் எண்ணிக்கை. 10 லட்சம் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 50,000 கோடி இணைகள். 1998இல் எட்வின் நோர், ரேமண்ட் இங் இருவரும் தூரத்தை வைத்துப் பிறழ்வை வரையறுத்து, பெரிய தரவுத்தளங்களில் தேடும் வழிகளைத் தந்தார்கள். 2000ஆம் ஆண்டின் சிக்மாட் தரவுத்தள மாநாட்டில் இரு முக்கியக் கட்டுரைகள் வந்தன. ஒன்று, ஸ்ரீதர் ராமசுவாமி, ராஜீவ் ரஸ்தோகி, கியூசோக் ஷிம் ஆகியோருடையது. ஒவ்வொரு பதிவும் தன் அண்டைப் பதிவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று வரிசைப்படுத்தி, பிறழ்வாக வாய்ப்பே இல்லாத தொகுதிகளை முன்கூட்டியே ஒதுக்கியது அது. மற்றொன்று மார்க்குஸ் பிராய்னிக் குழுவின் 'எல்ஓஎஃப்'. நெருக்கமான தெருவில் இருபதடி தள்ளி நிற்கும் வீடு கண்ணில் படும். தோப்பு வீடுகளுக்கிடையே அதே இருபதடி ஒரு பொருட்டல்ல. சுற்றுவட்டாரத்தின் அடர்த்தியை வைத்து விலகலை மதிப்பிட்ட முறை அது.

2008இல் ஃபெய் டோனி லியூ, காய் மிங் டிங், சோ சீ-குவா மூவரும் தூரம் அளப்பதையே விட்டுவிட்டார்கள். தரவைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக்கொண்டே போனால், கூட்டத்தில் உள்ள பதிவு தனியாகப் பிரியப் பல வெட்டுகள் ஆகும். ஒதுங்கி நிற்பது சில வெட்டுகளிலேயே தனித்துவிடும். 'ஐசொலேஷன் ஃபாரஸ்ட்' எனப்படும் இம்முறைக்கு மரம் ஒன்றுக்கு 256 பதிவுகளின் மாதிரியே போதும் என்று அவர்கள் காட்டினார்கள். இத்தனை எளிய யோசனை அவ்வளவு தாமதமாக வந்தது வியப்புதான்.

வேகம் கூடியும் ஒரு கணக்கு மட்டும் மாறவில்லை. 10 லட்சம் பதிவுகளில் 100 மோசடி என்று வைத்துக்கொள்வோம். கருவி மோசடியில் நூற்றுக்கு 99ஐப் பிடிக்கும். நல்ல பதிவுகளில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகச் சந்தேகிக்கும். பிடிபடும் மோசடி 99. வீண் சந்தேகம் 9,999. குறி விழுந்த நூறு பதிவுகளில் உண்மையான மோசடி ஏறத்தாழ ஒன்றே ஒன்று. 1999இல் ஸ்டெஃபான் ஆக்சல்சன் ஊடுருவல் கண்டறியும் அமைப்புகளுக்கு இந்தத் தடையைச் சுட்டிக்காட்டினார். அதனால்தான் நடைமுறையில் பெரும்பாலும் கருவி தீர்ப்பு வழங்குவதில்லை. பதிவுகளுக்கு மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துகிறது. வரிசையின் உச்சியில் நிற்பவற்றை ஒரு மனிதர் திறந்து பார்க்கிறார்.