போன்ல வந்த மனவைத்தியம்

எங்க சூலக்கரை வெயில்ல எல்லாருமே சோர்ந்துதான் போவோம். ஆனா மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ்., இருக்கிறவங்களுக்கு உடம்பு கொஞ்சம் சூடானாலே பார்வை மங்கலாம், கால் தளரலாம். மூளை, தண்டுவட நரம்புகளோட உறை சிதையுற நோய் இது. வெளியில ஒண்ணும் தெரியாததால, 'சோம்பேறி'ங்கிற பட்டம் சுலபமா கிடைச்சிடும்.

1868ல பாரிஸ்ல ஷார்கோ இந்த நோயை விளக்கினப்பவே, நினைவாற்றல் குறையுறதையும் கவனிச்சார். மனச்சோர்வும் இதுல சகஜம். ஆனா அதுக்கு சிகிச்சை வேணும்னா பஸ் ஏறணும், படி ஏறணும். முடியாதவங்க என்ன செய்வாங்க?

அமெரிக்காவுல டேவிட் மோர் குழு போனை எடுத்தாங்க. எம்.எஸ். இருக்கிற 127 பேர், 16 வாரம், வாரம் ஒரு அழைப்பு. ஒரு பிரிவுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாத்தப் பயிற்சி தர்ற சிபிடி. இன்னொண்ணுக்கு உணர்வுகளை மனசுவிட்டுப் பேசுற சிகிச்சை. 2005ல முடிவு வந்தது: ரெண்டு பக்கமும் மனச்சோர்வு குறைஞ்சது, சிபிடியில கூடுதலா. ஒரு வருஷம் கழிச்சு அந்த வித்தியாசம் மறைஞ்சாலும், கிடைச்ச பலன் நின்னுச்சு.

நம்ம நாட்டுல 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியல்ல எம்.எஸ். கிடையாது, 2016 சட்டத்துலதான் சேர்ந்தது. 2022ல எல்லாருக்குமான இலவச மனநல உதவி எண் 14416 வந்தது. தமிழ்லயே பேசலாம்.

இது நரம்பு வைத்தியத்துக்கு மாற்று இல்ல. ஆனா 'சும்மா நடிக்கிறே'ன்னு சொல்ற வீட்டுல, நம்பிக் கேட்கிற ஒரு குரலும் மருந்துதான்.