கூல் லிப்பில் தொடங்கி கஞ்சா வரை: பிள்ளைகள் போதைக்கு அடிமையாவது எப்படி?

பிள்ளை போதைக்கு அடிமை என்று தெரிந்ததும், "திடீரென்று இப்படி ஆகிவிட்டானே!" என்று பெற்றோர் கலங்குகின்றனர். உண்மையில் போதைப் பழக்கம் படிப்படியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு படியிலும் அதைத் தடுக்க நமக்கு வாய்ப்பு உண்டு.

முதல் படி: ஆர்வம்

பள்ளி மாணவர்கள் 'கூல் லிப்' புகையிலைக்கு அடிமையாவது குறித்து 2024 செப்டம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை கவலை தெரிவித்தது. அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்றும் கேட்டது. தமிழகத்தில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதலே தடை இருந்தும் மறைமுக விற்பனை நிற்கவில்லை.

கூல் லிப் சிறிய பை. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிக்கொண்டால் புகையும் இல்லை, வகுப்பில் யாருக்கும் தெரிவதும் இல்லை. மதுவும் கஞ்சாவும் ஹராம் என்று சொல்லி வளர்க்கும் நாம், இந்தப் பையைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் பிள்ளை இதைப் போதையாகவே நினைப்பதில்லை.

இரண்டாம் படி: கூட்டாளிகள்

நண்பர்கள் கூடும்போது மட்டும் என்று தொடர்கிறது. "நினைத்தால் விட்டுவிடலாம்" என்ற நம்பிக்கை இருக்கும்.

மூன்றாம் படி: வழக்கம்

பழைய அளவு போதாமல் போகிறது. சிலர் கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் போகிறார்கள். எல்லோரும் அப்படிப் போவதில்லை. ஆனால் சிறு வயதில் தொடங்குபவர்களுக்கு ஆபத்து அதிகம். நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகிறது.

நான்காம் படி: அடிமைநிலை

இப்போது இன்பத்துக்காக அல்ல. இல்லாவிட்டால் வரும் நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மைக்குப் பயந்தே பயன்படுத்துகிறான். வீட்டில் பணம் காணாமல் போவதும் பள்ளிக்குப் போகாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நம் கண்ணில் படுகின்றன.

நாம் செய்ய வேண்டியது

புதிய நண்பர்கள், வாய்ப்புண், காரணமில்லாத கோபம், மதிப்பெண் சரிவு ஆகியவை சேர்ந்து வந்தால் அமைதியாக விசாரியுங்கள். அடித்தால் பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். குடும்ப மானம் கருதி நாம் மறைத்தால், அவன் அடுத்த படிக்குப் போக அவகாசம் கொடுக்கிறோம்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். மஹல்லா ஜமாஅத்துகளும் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். அடிமையான பிள்ளை குற்றவாளி அல்ல, சிகிச்சை தேவைப்படும் நம் பிள்ளை.