நாட்குறிப்பும் மன அமைதியும்

நாட்குறிப்பு என்பது, ஒருவர் தமக்கு அன்றன்று நேர்ந்தவற்றையும், அவற்றால் தம் உள்ளத்தில் எழுந்தவற்றையும், பிறர் பார்வையைக் கருதாது எழுதி வைக்கும் ஏடாகும். தினசரி, டயரி எனவும் வழங்கும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த தமிழ்த் தினசரி பெரும் புகழ் வாய்ந்ததாயினும், வர்த்தகம், யுத்தம், அரசியல் ஆகிய புறவுலகச் செய்திகளே அதில் மிகுதி. மனச்சஞ்சலத்தை ஆற்றிக்கொள்ளும் பொருட்டு எழுதப்படும் குறிப்பு வேறு வகையினது. ஆம்ஸ்டர்டாம் நகரில் மறைவிடத்தில் அடைபட்டுக் கிடந்த சிறுமி ஆன் பிராங்க், 1944 ஆகஸ்ட் 1ஆம் நாள் வரையில், 'கிட்டி' என்னும் கற்பனைத் தோழிக்குக் கடிதம் வரைவதுபோல எழுதிவந்தது இவ்வகைக்கு உள்ளத்தை உருக்கும் உதாரணம்.

இவ்வாறு மன ஆறுதலுக்காக எழுதுவதன் பயனை மனோதத்துவ முறையில் பரிசோதித்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரி மாணவர்கள் நாளொன்றுக்கு 15 நிமிஷமாக நான்கு நாட்கள் எழுதினர். அவர்களுள், தம்மை வருத்திய சம்பவத்தையும் அதனால் விளைந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், எழுதி முடித்தவுடன் முன்னினும் துக்கமுற்றிருந்தபோதிலும், பின்வந்த மாதங்களில் மருத்துவ உதவியை நாடியது குறைந்தது. உணர்ச்சியை விலக்கிச் சம்பவத்தை மட்டும் எழுதியவர்களோ, அற்ப விஷயங்களை எழுதியவர்களினின்று வேறுபட்டார்களில்லை. இவ்வகை எழுத்துக்களைப் பிற்காலத்தில் சொற்சொல்லாக ஆராய்ந்தபோது, நாள் செல்லச்செல்ல 'ஏனெனில்', 'ஆகையால்', 'இப்போது விளங்குகிறது' என்பன போன்ற, காரணத்தையும் தெளிவையும் காட்டும் சொற்களை மிகுதியாகக் கையாண்டவர்களே அதிக நன்மை அடைந்தனர் என்பது புலனாயிற்று. ஆகவே, துயரைக் கொட்டித் தீர்ப்பதைக் காட்டிலும், சிதறிக் கிடக்கும் அனுபவத்தைக் காரணகாரியத்தோடு கோத்துப் பொருள் காண்பதே இதன் சாரம் என்று கொள்வது பொருந்தும். அந்தரங்கம் காக்கப்படவேண்டுவதும் இதனாலேயே. பிறர் படிப்பர் என்ற நினைவு வந்துவிட்டால், எழுதுகிறவர் தமக்கே உண்மை சொல்லத் தயங்குவார்.

2006இல் இவ்வகை எழுத்தைப் பற்றிய 146 பரிசோதனைகளை ஒருங்கே வைத்து நோக்கியபோது, பயன் உண்டென்றும், ஆனால் அது சிறிய அளவினதே என்றும் தெரியவந்தது. கடுமையான மனநோய்க்கு இது சிகிச்சையாகாது. ஒரே குறையை ஒரே சொற்களால் நாள்தோறும் எழுதுவது, ஆறத்தொடங்கிய புண்ணைக் கிளறுவதாகவும் முடியக்கூடும். தாங்கவொண்ணாத கலக்கம் உண்டாகுமாயின் அவ்விஷயத்தை விட்டு வேறொன்றை எழுதும்படியோ, எழுதுவதையே நிறுத்தும்படியோ பென்னிபேக்கரும் கூறியிருக்கிறார்.