பர்மா காட்டுப் போரில் இந்திய வீரர்கள்: ஒலியில்லாப் படச்சுருள்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலும் அதை ஒட்டிய இந்திய எல்லையிலும் நடந்த சண்டைகளைக் காட்டும் படச்சுருள்கள் ஏராளமாக உள்ளன. பிரிட்டிஷ் தரப்பில் எடுக்கப்பட்டவற்றை இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது. அவற்றுள் சில இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன. கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்லும் இந்திய வீரர்கள், ஆற்றின் குறுக்கே பாலம் போடும் சாப்பர்கள், வானிலிருந்து பாராசூட்டில் இறங்கும் உணவு மூட்டைகள், தூக்குப் படுக்கையில் கொண்டுவரப்படும் காயம்பட்டவர்கள் எனக் காட்சிகள் விரிகின்றன. ஆனால் அவர்களில் எவருடைய குரலையும் நாம் கேட்க முடியாது. களத்தில் எடுக்கப்பட்ட சுருள்கள் ஒலிப்பதிவு இல்லாதவை. இன்று அவற்றோடு கேட்கும் வெடிச்சத்தமும் வர்ணனையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. இவற்றை வரலாற்றுச் சான்றாகப் பார்க்க விரும்பும் மாணவர்கள் முதலில் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

போரின் போக்கு

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் கால்நடையாகத் தாயகம் நோக்கி வந்தனர். அவர்களுள் தமிழர்கள் பலர். 1943இன் இறுதியில் தளபதி ஸ்லிம் தலைமையில் 14ஆவது படை அமைந்தது. பிரிட்டிஷாரும் ஆப்பிரிக்கரும் அதில் இருந்தாலும் பெரும்பான்மையினர் இந்திய இராணுவத்தினரே. 1944 பிப்ரவரியில் அரக்கானிலும், மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை கோஹிமாவிலும் ஜப்பானியர் தடுக்கப்பட்டனர். 1945 மார்ச்சில் 17ஆவது இந்திய டிவிஷன் மெய்க்தீலாவையும், 19ஆவது இந்திய டிவிஷன் மாண்டலேயையும் கைப்பற்றின. மே மாதம் இரங்கூன் மீட்கப்பட்டது.

எப்படி எடுத்தார்கள்?

பிரிட்டிஷ் இராணுவத்தில் திரைப்பட, புகைப்படப் பிரிவு என்றே ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில் பயிற்சி பெற்ற சார்ஜெண்டுகள்தாம் அதன் ஒளிப்பதிவாளர்கள். இந்திய இராணுவத்தின் மக்கள் தொடர்புத் துறையும் தனியே படம் எடுத்தது. களத்தில் பெரிதும் பயன்பட்டது டெவ்ரி என்னும் கைக்கேமரா. சாவி கொடுத்து ஓட்ட வேண்டும். அதில் 100 அடிச் சுருள்தான் கொள்ளும். 35 மி.மீ. படச்சுருளின் ஓர் அடியில் 16 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடினால் மொத்தம் 66 நொடிகள்! அதன்பின் புதுச் சுருள் மாட்ட வேண்டும். சண்டை அதுவரை காத்திருக்குமா?

ஒவ்வொரு சுருளுடனும் ஒளிப்பதிவாளர் ஒரு குறிப்புத்தாள் எழுதி அனுப்ப வேண்டும். நாள், இடம், படைப்பிரிவு, காட்சி விவரம் ஆகியவை அதில் இருக்கும். காட்சியை மட்டும் பார்த்து 'இது கோஹிமா' என்று சொல்லிவிட முடியாது. காடு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே ஆய்வாளருக்குப் படத்தின் அளவுக்கு அந்தத் தாளும் முக்கியம். இணையத்தில் யாரோ வெட்டி ஒட்டிய துண்டுப் படங்களில் இந்த விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

படத்தில் வராதவை

பர்மாவில் ஜப்பானியர் இரவில் ஊடுருவித் தாக்குவதில் வல்லவர்கள். அக்காலப் படச்சுருளால் இரவைப் பதிவு செய்ய இயலாது. பகலிலும் அடர்காட்டின் நிழலில் உருவம் சரியாக விழாது. மழைக்காலத்து ஈரமோ சுருளையே கெடுத்துவிடும். ஆகவே படங்களில் நாம் மிகுதியாகக் காண்பவை வெளிச்சமான இடங்கள்: சாலைகள், ஆற்றங்கரைகள், விமானத் தளங்கள், மாண்டலே போன்ற ஊர்கள். மாண்டலேயின் அகழி சூழ்ந்த கோட்டைச் சுவர் மீது பீரங்கிகள் சுட்ட காட்சி பதிவாகியிருக்கிறது. அச்சண்டையில் கோட்டைக்குள் இருந்த பர்மிய மன்னர்களின் மர அரண்மனை எரிந்தே போயிற்று.

கேமராவுக்குப் பிடிபடாத இன்னொரு பகைவன் மலேரியா. 1943இல் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் அப்புறப்படுத்தப்பட்டனர் என்று ஸ்லிம் தம் நூலில் எழுதியிருக்கிறார். வெற்றிப் படத்தில் காய்ச்சலுக்கு இடம் ஏது?

என் சிறுவயதில் எங்கள் தெருவில் 'பட்டாளத்தார்' என்று அழைக்கப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார். பர்மா போரில் இருந்தவர். சண்டையைப் பற்றிக் கேட்டால் அட்டைப்பூச்சியைப் பற்றியும், ஓயாத மழையைப் பற்றியும், காய்ச்சலுக்குக் கொடுத்த கசப்பு மாத்திரையைப் பற்றியும்தான் சொல்வார். ஏமாற்றமாக இருக்கும். வெகுநாள் கழித்து இந்தப் போரைப் பற்றிப் படித்தபோதுதான் அவர் சொன்னதே போரின் பெரும்பகுதி என்று புரிந்தது.

உண்மையா, நடிப்பா?

துப்பாக்கியுடன் பாய்ந்து வரும் வீரர்களின் முகம் நேராகத் தெரிந்தால், கேமரா எங்கே நின்றிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பகைவன் இருக்க வேண்டிய இடத்தில்! அப்படியானால் அது பெரும்பாலும் பயிற்சியின்போதோ, சண்டை முடிந்தபின்போ எடுத்த காட்சி. உண்மைத் தாக்குதலில் நாம் காண்பது வீரர்களின் முதுகு, தூரத்துப் புகை, ஆடும் சட்டகம் ஆகியவைதான். வட ஆப்பிரிக்கப் போரைப் பற்றிய 'டெஸர்ட் விக்டரி' படத்தின் இரவுத் தாக்குதல் காட்சிகள் சில பைன்வுட்டிலேயே எடுக்கப்பட்டவை. அதற்காக நடித்தெடுத்ததை எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. உடை, ஆயுதம், நடை ஆகியவற்றுக்கு அவையும் சான்றே.

குரல் யாருடையது?

'டெஸர்ட் விக்டரி'யின் இயக்குநர் ராய் போல்டிங், பர்மா களத்துச் சுருள்களைத் தொகுத்து 1945இல் 'பர்மா விக்டரி' என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து எடுப்பதாக இருந்த படம் அது. யாருடைய பங்கைப் பெரிதாகக் காட்டுவது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. அமெரிக்கர் 'தி ஸ்டில்வெல் ரோடு' என்று தனியே ஒன்று எடுத்தனர். அதே ஆண்டு ஹாலிவுட்டில் வந்த 'அப்ஜெக்டிவ், பர்மா!' கதைப்படம் அமெரிக்க வீரர்களை நாயகர்களாக்கியது. பிரிட்டனில் பலத்த எதிர்ப்பு எழுந்து, அங்கே ஒரு வாரத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. இந்த வாக்குவாதமெல்லாம் இலண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் நடந்தது. களத்தில் பெரும்பான்மையாக நின்ற இந்திய வீரரை யாரும் கேட்கவில்லை.

இந்தியத் திரையரங்குகளுக்கு வேறொரு குரல் வந்தது. 1943இல் அரசு தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனமும் 'இந்தியன் நியூஸ் பரேட்' செய்திப்படமும் ஆங்கிலம், இந்துஸ்தானி, வங்காளம், தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகளில் வர்ணனை சேர்த்து வெளியிட்டன. அரசு ஒப்புதல் பெற்ற இத்தகைய படங்களை ஒவ்வொரு காட்சியிலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆக, நம் பாட்டனார் காலத்தவர் பர்மா போரைத் தமிழ் வர்ணனையுடனேயே பார்த்திருக்கக் கூடும். அது போர்ப் பிரசாரத்தின் தமிழ்; பட்டாளத்தாரின் தமிழ் அன்று. தலைவர்கள் சிறையில் இருக்க, அரசு சொல்லும் வெற்றியைக் காசு கொடுத்து வந்த கூட்டம் எந்த மனநிலையில் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1946இல் சட்டமன்றம் நிதி மறுக்கவே இந்நிறுவனம் மூடப்பட்டது.

பெயரும் முகமும்

ஜமேதார் அப்துல் ஹபீஸ் 1944 ஏப்ரல் 6 அன்று இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றைப் பிடிக்கும் தாக்குதலில் இறந்தார். விக்டோரியா சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் செய்ததை நாம் அறிவது விருதுக் குறிப்பு என்னும் எழுத்து ஆவணத்தால்தான். இரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறையில் உள்ள நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் இந்திய இராணுவத்தினர். அங்கே பெயர் உண்டு, முகம் இல்லை. சுருளில் முகம் உண்டு, பெரும்பாலும் பெயர் இல்லை.

எதிர்ப்பக்கமும் கேமரா இருந்தது. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவ அணிவகுப்பை ஏற்றதை ஜப்பானியரின் 'நிப்பான் நியூஸ்' படம் பிடித்தது. அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் திரளாகச் சேர்ந்தனர். 1944இல் அவர்களுடைய படையும் இம்பால் எல்லைக்கு வந்தது. அதே இம்பாலில் பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் நின்றோருள், 1920களில் கலைக்கப்பட்டு இப்போரின்போது மீண்டும் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டினரும் இருந்தனர். இரு தரப்புச் சுருள்களிலும் வீரர்கள் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். உதடு அசைவது தெரிகிறது. தமிழா, பஞ்சாபியா என்பதுகூடத் தெரிவதில்லை.