செங்கற்பட்டு சொன்ன பதில்

காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசி என்று பேச்சு எடுத்தால் எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்தில் இன்றும் யாராவது சொல்லிவிடுவார்கள்: "நம்ம ஊர்லயே போட்டுப் பார்த்து, வேலை செய்யலைனு சொல்லிட்டாங்களே, நர்சம்மா!" அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி, பச்சைக் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வீடுகளைக் கிராம சுகாதார செவிலியராக நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியை அதனால்தான் சொல்கிறேன்.

பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரன் என்ற இருவர் மாட்டுக் காசக் கிருமியை 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். அதுதான் பிசிஜி. 1921இல் அதை முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்து புகட்டப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் 72 பேர் இறந்தார்கள். அங்கிருந்த ஆய்வகத்தில் வீரியமுள்ள காசக் கிருமி மருந்தில் கலந்துவிட்டிருந்தது. பிசிஜி கிருமியின் குற்றமல்ல அது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பயம் அந்த விளக்கத்தோடு அடங்கிவிடுமா?

இங்கே 1948இல் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலேயே பிசிஜி தயாரிப்பு தொடங்கியது. பிறகு நாடெங்கும் ஊசி இயக்கம். 1955இல் ராஜாஜி அதை எதிர்த்துக் கிளம்பினார். முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் சொன்னால் சென்னை மாகாணமே காது கொடுக்கும். உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் செலுத்தலாமா, பலன் நிரூபணமாகிவிட்டதா என்று கேட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் ஊசியின் பக்கம் உறுதியாக நின்றார். நிரூபணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். உயிருள்ள கிருமி என்ற அச்சத்தை அதோடு சேர்த்துப் பரப்பியதுதான் தவறு. தாய்மார் மனதில் கேள்வி தங்கவில்லை, அச்சம்தான் தங்கியது.

உண்மையில் அன்றைக்கு ஆதாரங்களே ஒன்றோடொன்று முரண்பட்டன. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 14 சதவீதம்தான். இதைத் தீர்க்கத்தான் 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கிராமங்களில் பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கணக்கை 1979இல் வெளியிட்டார்கள்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கணக்கும் அதையே சொன்னது. எங்கள் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசக் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் உடம்பை ஏற்கெனவே பழக்கிவிட்டதால் ஊசியின் பலன் தெரியாமல் போயிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நடத்தியவர்களே தங்கள் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை ஒளிக்காமல் அச்சிட்டார்கள். அதற்காக அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் காசத்தால் பச்சைக் குழந்தைக்கு வரும் மூளைக்காய்ச்சல் பற்றி அந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. மூளையைத் தாக்கும் காசத்திலிருந்தும், உடம்பெங்கும் பரவும் காசத்திலிருந்தும் சிறு குழந்தைகளை இந்த ஊசி நன்றாகக் காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்தவுடன் இடது தோளில் 0.05 மி.லி. போடுவது அதற்காகத்தான்.

சில வாரங்களில் அங்கே கொப்புளம் கிளம்பும், உடையும், தழும்பாகும். "புண்ணு ஆறவே இல்லையே, நர்சம்மா!" என்று மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். "ஒண்ணும் தடவாதீங்கம்மா, அது தானா ஆறிடும், அப்படித்தான் வரணும்" என்பேன். அதே வீட்டுத் திண்ணையில் பெரியவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், சளிப் பரிசோதனைக்கு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அவருக்கு இனி ஊசியால் ஆவது ஒன்றுமில்லை. நோய் என்று தெரிந்தால் ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும்.