வைரம்: நம்பிக்கைகளும் கதைகளும்

வைரத்தைக் காப்பாகவும் கேடாகவும் ஒருசேரக் கருதும் நம்பிக்கைகளில் பெரும்பகுதி இந்தியாவைச் சுற்றி வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும்வரை, போர்னியோவில் கிடைத்த சிறிதளவு நீங்கலாக, உலகச் சந்தைக்கு வந்த வைரமெல்லாம் இந்திய மண்ணில் எடுத்ததே. கல்லோடு கதையும் கப்பலேறியது.

வைரத்தின் பிறப்பைத் தமிழில் விரிவாகச் சொல்வது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். இளவரசனுக்கு முடிசூட்ட மணிகள் இல்லாமல் பாண்டிய அமைச்சர்கள் கலங்கி நிற்கையில், சிவபெருமான் வணிகராக வந்து மணிகளின் வரலாற்றைக் கூறுகிறார். வலன் என்ற அசுரனைப் போரில் வெல்ல முடியாத இந்திரன், அவனை வேள்விப் பசுவாகும்படி கேட்கிறான், அவனும் இசைகிறான். அவனது குருதி மாணிக்கமாகவும் பற்கள் முத்தாகவும் எலும்பு வைரமாகவும் மாறின. 6ஆம் நூற்றாண்டில் பிருகத் சம்கிதையை எழுதிய வராகமிகிரரும் இந்தக் கதையை அறிந்திருந்தார். ததீசி முனிவரிடமிருந்தே மணிகள் தோன்றின என்ற கதையையும் சொல்லிவிட்டு, மண்ணின் இயல்பால் மணிகள் உண்டாகின்றன என்போரும் உண்டு என்று அவர் குறிக்கிறார். புராணத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கருத்துக்கும் இடம் தந்தது அவருடைய நேர்மை.

நல்ல வைரம் இடி, நஞ்சு, பகை ஆகியவற்றின் அச்சத்தைப் போக்கும். குற்றமுள்ள வைரம் சுற்றத்தையும் செல்வத்தையும் உயிரையும் அழிக்கும் என்கிறது பிருகத் சம்கிதை. காகபாதம் (காக்கைக்கால் வடிவக் குறி), விந்து (புள்ளி), களங்கம் (கறை), ஏகை (கீற்று) எனப்பட்ட குற்றங்களைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியை விவரிக்கும்போது குறிப்பிடுகிறது. வைரத்துக்கு நால்வகை வருணம் வகுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. இந்தக் குற்றங்கள் கல்லின் விலையைக் குறைப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். வணிகனின் தரப் பரிசோதனையும் அணிபவரின் அச்சமும் ஒரே சொற்களில் பேசப்பட்டன. மகப்பேறு வேண்டும் பெண்கள் வைரம் அணியலாகாது என்று ஆசிரியர் சிலர் கருதியதையும் வராகமிகிரர் பதிவுசெய்கிறார்.

குற்றமுள்ள வைரம் கேடு தரும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வைரத் தோடு வாங்குவோர் சில நாள் வீட்டில் வைத்து, ராசி பார்த்த பிறகே முடிவுசெய்வதுண்டு. கரும்புள்ளியும் சிவப்புப் புள்ளியும் உள்ள கல்லை ஒதுக்குவார்கள். சோதிடத்தில் வைரம் சுக்கிரனுக்கு உரியது.

நல்ல வைரம் நீரில் மிதக்கும் என்பதும் பழைய நூற்கருத்து. வைரத்தின் அடர்த்தி நீரைப்போல மூன்றரை மடங்கு என்பதால் கல் மூழ்கத்தான் செய்யும். ஆனால் அதன் மேற்பரப்பில் நீர் ஒட்டுவதில்லை, கொழுப்பு ஒட்டும். கிரீஸ் பூசிய பலகையில் வைரத்தைப் பிரித்தெடுக்கும் சுரங்க முறை இந்தப் பண்பை நம்பியதே. மிதக்கும் வைரம் என்ற எண்ணத்தின் பின்னால் உண்மையான கூர்நோக்கு ஒன்று இருந்திருக்கலாம்.

ரோமானியரான பிளினி, வைரத்தைச் சம்மட்டியால் உடைக்க முடியாது, வெள்ளாட்டின் சூடான இரத்தத்தில் ஊறினால்தான் உடையும் என்று எழுதினார். நஞ்சை முறிக்கும் என்றும் சொன்னார். பிற்காலத்தில் வைரப் பொடியே கொடிய நஞ்சு என்ற நம்பிக்கை வலுத்தது. இத்தாலியப் பொற்கொல்லர் பென்வெனுட்டோ செல்லினி, சிறையில் தன் உணவில் வைரப்பொடி கலக்கச் சதி நடந்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்டா 1563இல் வெளியான தம் நூலில் இவற்றை மறுத்தார்: சுத்தியால் அடித்தால் வைரம் நொறுங்கும், சுரங்க அடிமைகள் திருடுவதற்காகக் கல்லை விழுங்கியும் சாவதில்லை.

பாம்புகள் காக்கும் வைரப் பள்ளத்தாக்கின் கதை சிந்துபாத் மூலம் பலரும் அறிந்தது. இறைச்சித் துண்டுகளை உள்ளே எறிவார்கள். அவற்றில் ஒட்டிய கற்களோடு கழுகுகள் மேலே பறந்து வரும். மார்க்கோ போலோ இதை ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியோடு, காகதீய அரசி ருத்திரமாதேவியின் நாட்டோடு இணைத்துச் சொன்னார். சுரங்கம் தோண்டும் முன் கொடுத்த பலியின் இறைச்சியைப் பருந்துகள் தூக்கிச் சென்ற காட்சிதான் கதையாயிற்று என்று 19ஆம் நூற்றாண்டின் நிலவியலாளர் வாலண்டைன் பால் விளக்கினார். கதையின் எல்லாக் கூறுகளையும் அது தீர்க்கவில்லை என்றாலும் ஏற்கத்தக்க விளக்கம்.

இந்தப் பழைய நம்பிக்கைகளில் தீங்கு கல்லின் குற்றத்திலிருந்து வந்தது. திருடியவனைக் கல் பழிவாங்கும் என்ற கதை, இந்திய வைரங்கள் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போன பிறகே பரவலாயிற்று. இன்று கிரெம்ளினில் உள்ள ஓர்லோவ் வைரம் ஸ்ரீரங்கம் கோயில் சிலையின் கண்ணாக இருந்ததாகவும், படையைவிட்டு ஓடிய பிரெஞ்சு வீரன் பக்தன் வேடமிட்டுத் திருடியதாகவும் சொல்வார்கள். கர்நாடகப் போரில் பிரெஞ்சுப் படை 1752இல் ஸ்ரீரங்கத்தில் தங்கியிருந்தது உண்மை. திருட்டுக்கு உறுதியான சான்று இல்லை. ஹோப் என்ற மற்றோர் இந்திய வைரத்தின் மூலக்கல்லை வாங்கிச் சென்ற பிரெஞ்சு வணிகர் தவெர்னியே நாய்களால் குதறப்பட்டதாகக் கதை உண்டு. அவரோ எண்பது வயதைத் தாண்டி 1689இல் மாஸ்கோவில் இறந்தார். ஹோப் வைரத்தின் சாபத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செய்தித்தாள்களும், அதை விற்க விரும்பிய நகை வணிகர் பியர் கார்ட்டியேயும் பெரிதாக்கினார்கள்.

கோகினூர் வைரத்தை 1849இல் பத்து வயதுச் சீக்கிய அரசன் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றார்கள். அது லண்டனை அடைந்த 1850 கோடையில் விக்டோரியா அரசி தாக்கப்பட்டதும், முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததும் சாபப் பேச்சுக்கு இடம் தந்தன. ஆண்களுக்கு ஆகாது, பெண்களே அணியலாம் என்ற நம்பிக்கை இந்தக் கல்லைச் சுற்றி உறைந்துவிட்டது. வராகமிகிரர் பதிவுசெய்த எச்சரிக்கைக்கு இது நேர்மாறானது. விக்டோரியாவுக்குப் பின், அரசர்களின் மனைவியரான அலெக்சாண்ட்ரா, மேரி, எலிசபெத் ஆகியோரின் மகுடங்களில் கோகினூர் இருந்தது. 2023 முடிசூட்டு விழாவில் கமிலா அணிந்த மகுடத்தில் அது இடம்பெறவில்லை.