ஓநாயும் இடையனும்: பீலிக்ஸ் ரொட்ரிகெஸ் டெ லா புவென்தேயின் வரலாற்றுப் பங்கு

வரலாற்றிலே தனிமனிதனின் பங்கு யாது என்னும் வினா, பெரும்பாலும் அரசியல்வாதிகளையும் இலக்கியகர்த்தாக்களையும் முன்னிறுத்தியே ஆராயப்பட்டு வந்துள்ளது. வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் உருவாக்கிய ஆளுமைகளும் அவ்வாறு ஆராயப்பட வேண்டியவையே. ஸ்பெயின் நாட்டின் இயற்கை விவரணப்படத் தொகுப்பாளரான பீலிக்ஸ் ரொட்ரிகெஸ் டெ லா புவென்தே (1928–1980) இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கவர்.

பர்கோஸ் மாகாணத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த இவர் மருத்துவம் பயின்றவர். வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடும் பழங்கலையிற் கொண்ட ஈடுபாடே 1960களின் நடுப்பகுதியில் இவரை அரச தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தது. 1974 முதல் ஒளிபரப்பான ‘மனிதனும் பூமியும்’ என்னும் தொடர் இவரது புகழை உச்சத்துக்கு இட்டுச் சென்றது. 1980 மார்ச் 14ஆந் திகதி, தமது 52ஆவது பிறந்த நாளன்று, அலாஸ்காவில் நாய்ச் சறுக்குவண்டிப் பந்தயத்தைப் படமெடுக்கச் சென்றவிடத்து விமான விபத்தில் மாண்டார்.

இப்புகழை இவரது குரல்வளத்தாலும் நாவன்மையாலும் மட்டும் விளக்கிவிட இயலாது. 1950களிலும் 1960களிலும் ஏற்பட்ட துரித கைத்தொழில் வளர்ச்சி, இலட்சக்கணக்கான கிராம மக்களை மட்ரிட், பார்சலோனா, பில்பாவோ முதலிய நகரங்களுக்குத் தள்ளியது. மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட இம்மக்களும் நகரிலே பிறந்த அவர்தம் பிள்ளைகளுமே இவரது பார்வையாளருட் பெரும்பகுதியினர். மேலும், 1975இல் பிராங்கோ இறக்கும்வரை தணிக்கை நிலவிய நாட்டில், விலங்குகளின் வாழ்வு ஒப்பீட்டளவிற் சுதந்திரமாகப் பேசத்தக்க பொருளாயிருந்தது. ஆயின், இதனை வெறும் தப்பியோடலெனக் கொள்வது யாந்திரிகப் பார்வையாகும். இவரது பேச்சு நடைமுறை விளைவுகளையும் தோற்றுவித்தது.

ஓநாயின் வரலாறே இதற்குச் சான்று. 1953ஆம் ஆண்டு ஆணையொன்றின்கீழ் அமைக்கப்பட்ட மாகாணச் சபைகள், ‘தீங்கு விளைக்கும் விலங்குகள்’ எனப்பட்டவற்றைக் கொல்வோருக்குச் சன்மானம் வழங்கின. ஓநாயும் நரியும் கழுகும் அப்பட்டியலில் அடங்கின. இச்சூழலில் ஓநாய்க் குட்டிகளை வளர்த்து, அவற்றின் கூட்டத்துள் ஒருவராகப் பழகி, அவற்றின் சமூக வாழ்வை விளக்கினார் பீலிக்ஸ். 1970ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் ஓநாயை ஒழிக்கப்படவேண்டிய விலங்கு என்னும் நிலையிலிருந்து நீக்கி, விதிகளுக்குட்பட்டு வேட்டையாடத்தக்க விலங்காக வகுத்தது. இம்மாற்றத்திற்கு விலங்கியலாளர் பலரும் உழைத்தனராயினும், பொதுசன அபிப்பிராயத்தைத் திருப்பியதில் இவரது பங்கு முதன்மையானது.

எனினும் இரு குறைபாடுகள் சுட்டப்பட வேண்டும். முதலாவது, இவரது காட்சிகள் பல பழக்கப்பட்ட விலங்குகளைக் கொண்டு திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. பார்வையாளரோ அவற்றை இயல்பு நிகழ்ச்சிகளாகவே கண்டனர். இரண்டாவது இதனினும் முக்கியமானது. திரையிலே ஓநாய் நாயகனாகியபோது, ஆட்டை இழந்த இடையனின் துயர் அதே அளவு இடம்பெறவில்லை. இயற்கையின்பால் எழுந்த பரிவு நகரத்திலும், அதற்கான விலை மலைநாட்டு மந்தைகளிலும் தங்கின.

இம்முரண்பாடு அவருடன் மறையவில்லை. 2021இல் ஓநாய் வேட்டை ஸ்பெயின் முழுவதிலும் தடைசெய்யப்பட்டது. 2025இல் டுவேரோ ஆற்றின் வடபகுதியில் அப்பாதுகாப்பு நீக்கப்பட்டது. கால்நடை வளர்ப்போரின் எதிர்ப்பும் அதனைப் பயன்படுத்திக்கொண்ட அரசியல் சக்திகளும் இதற்குக் காரணமாயின. ஓநாயை வாழவிடவேண்டும் என்னும் உணர்வை ஒரு தலைமுறையினுள்ளத்தில் வேரூன்றச் செய்தமை பீலிக்ஸின் நிலையான சாதனையாகும். அவ்வுணர்வுக்கான செலவைச் சமூகம் முழுவதும் ஏற்காது, இடையனின் தலையிற் சுமத்தும்வரை அச்சாதனை பாதுகாப்பற்றதாகவே இருக்கும்.